கழுவாமல் விட்ட காசு

முப்பதாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் வாயை மூடுவது நடக்காத காரியம். நாமக்கல் பக்கம் எந்தப் பண்ணைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். ஒருத்தி தூங்கினால் பக்கத்துக் கூண்டுக்காரி முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுவாள். இன்னொருத்தி தண்ணீர்க் குழாயைக் கொத்திக்கொண்டிருப்பாள். பகல் முழுக்க அந்தக் கொக்கரிப்பு தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி பெய்துகொண்டே இருக்கும். கேட்டுப் பழகிய காதுக்கு அது சத்தமே இல்லை. அது நின்றால்தான் திடுக்கிடும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, பழைய பல்துலக்கியும் புளிக்கரைசலுமாக மோகன்குமார் ஒரு காசைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது நின்றது.

காசின் மேல் அரக்கு மாதிரி ஒட்டியிருந்த கறுப்புப் பக்கு அப்போதுதான் முழுசாகப் பெயர்ந்து, கறுப்புத் தண்ணீராகக் கல்லில் வழிந்து, தென்னை மரத்துப் பாத்திக்குள் இறங்கியது. பண்ணை ஊமையாயிற்று. அந்த அமைதிக்குள்ளிருந்து, மக்காச்சோளக் காட்டுப் பக்கமாக, சின்னதாக ஒரு சத்தம் வந்தது. தொப். தொப். தொப். தோளில் போட்ட குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுக்கிற சத்தம். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, அவசரமில்லாமல், தூங்கும்வரை தட்டுவோமே, அது.

பிரியாதான் குழந்தையைத் தூங்க வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்தான். மனைவி தனப்பிரியா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது மதுமதி தரையில் உட்கார்ந்து, ஒரு டம்ளருக்குள் கொத்தமல்லித் தழையை அடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கோழிகள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கிவிட்டன.

மோகன்குமார் கதவுக்குப் பின்னால் ஒண்டி நின்றுகொண்டிருந்தான்.

அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. தீவன மூட்டைக்குள் புகுந்த சாரைப்பாம்பை லுங்கியால் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் விட்டுவிட்டு, அதே லுங்கியைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவன் அவன். பயம் என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் நடத்தாமல் விட்ட பாடம். இப்போது வந்த பயம் அவனுடையதாகவும் இல்லை. வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி அக்குளில் பிடித்தது. ரொம்பச் சின்னச் சட்டை. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் அளவு.

அந்தக் காசுகள் வந்த கதை ஒரு ஜிமிக்கியில் தொடங்கியது. தனப்பிரியாவின் ஜிமிக்கி ஒன்று மக்காச்சோளக் காட்டில் விழுந்துவிட்டது என்று வீட்டில் முடிவாயிற்று. மோகன்குமார் உடனே ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வரவழைத்தான். அது வந்த மறுநாள் ஜிமிக்கி வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் கிடைத்தது. வாங்கிய சாமானைச் சும்மா வைக்க மனம் வராமல், தினமும் சாயங்காலம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காட்டைச் சுற்றினான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அவனுக்கு வெடிகுண்டு போலீஸ் என்று பேர் வைத்தார்கள். ஏர்க்கொழுவின் முனை, போர்வெல் வண்டியின் போல்ட், எண்ணற்ற பீர்பாட்டில் மூடிகள் எல்லாம் கிடைத்த பிறகு, கிழக்கு வரப்பில் வெள்வேல மரத்தடியில் ஒரு சின்ன மண்சட்டி கிடைத்தது. உள்ளே ஆறு காசுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கறுப்புப் பக்குப் பூசி மூடியிருந்தார்கள்.

படம் எடுத்துக் கந்தவேலுக்கு அனுப்பினான். கந்தவேல் கல்லூரி விடுதியில் பாய் பங்கிட்ட சிநேகிதன். சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்து, வெள்ளிக் கொலுசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்து மினுக்கி அனுப்புகிறவன்.

"கழுவாதடா," என்றான் கந்தவேல்.

"உன்ற பொழப்பே கழுவறதுதானே?"

"புதுசத்தான் கழுவணும் மாப்ள. பழசுக்கு அழுக்குதான் சட்டை. அவுத்துட்டீன்னா திரும்ப மாட்ட முடியாது. காசு சேக்கறவன் ஒருத்தனும் தொடமாட்டான். மொதல்ல தாசில்தாருக்குச் சொல்லு. பொதையல்னா சொல்லணும், சட்டம்."

"விக்கறதுக்கு இல்லைடா. மதுவுக்குக் காது குத்து வருது. அரைஞாண்ல கோத்துக் கட்டலாம்னு. பழைய வெள்ளி, புள்ளைக்கு நல்லது."

"கொழந்தை இடுப்புக்குப் பொதைச்சு வச்சதைக் கட்டுவியா? கடைல புதுசு வாங்குடா, கஞ்சப் பயலே."

பண்ணைக்காரனிடம் கழுவாதே என்று சொல்வது எருமையிடம் குளத்தைப் பார்க்காதே என்று சொல்வதுதான். நோய் ஒன்று உள்ளே வந்தால் ஒரு வாரத்தில் ஷெட்டே காலியாகிவிடும். அதனால் மோகன்குமார் வண்டிச் சக்கரத்தைக் கழுவுவான், முட்டை அட்டையைக் கழுவுவான். ஷெட் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் காலை நனைக்காமல் மாமனாரைக்கூட உள்ளே விடமாட்டான். அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகப் பிரஷைத் தேடும். குழந்தை இடுப்பில் படப்போவதைக் கழுவாமல் எப்படிக் கட்டுவது?

இரண்டாவது காசை மறுநாள் காலையில் தேய்த்தான். பக்கு விட்டதும் வாசம் வந்தது. சீம்பால் வாசம். கன்று போட்ட அன்றைக்குக் கறக்கிற மஞ்சள் பாலின் கெட்டியான, இனிப்பான, சூடான வாசம். அவர்கள் வீட்டில் மாடு கிடையாது. அக்கம்பக்கத்திலும் கன்று எதுவும் போடவில்லை. நல்ல வாசம்தான். அதை முகர்ந்ததும் அவன் எழுந்து போய் வாந்தி எடுத்தான். வாந்தி எடுக்கும்போதும் காதோரத்தில் அது வந்தது. தொப். தொப்.

"வெயில்ல சுத்தாதீங்கன்னா கேக்கறீங்களா மாமா," என்று தனப்பிரியா மோர் கொடுத்தாள்.

மனம் சரியில்லாதபோது எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு ஆறுதல். ஆகவே மூன்றாவதையும் எடுத்தான்.

இந்தத் தடவை சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. அவன் எதையும் பார்க்கவுமில்லை. ஆனால் பார்த்தது நினைவிருந்தது. நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவிருக்கிற மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து படுத்திருக்கிறான். கட்டில் ஓரத்தில் இரண்டு பாதங்கள் வந்து நிற்கின்றன. புழுதிக் காட்டில் நடந்து வந்த பாதங்கள், ஆனால் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. வெடிப்பு இல்லை, ரேகை இல்லை. பத்து விரலும் ஒரே நீளம். கட்டைவிரல் எது, சுண்டுவிரல் எது என்று தெரியாதபடி, சீப்பின் பல் மாதிரி ஒரே வரிசை.

அன்று முழுக்க வந்தவர் போனவர் கால்களையெல்லாம் பார்த்தான். தீவன லாரி டிரைவர் செருப்பைக் கழற்றச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். கால்நடை டாக்டர் தனக்குச் சேற்றுப்புண் இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று வெட்கப்பட்டார். முட்டை பொறுக்குகிற காளியாத்தாள் கூடையைக் கீழே வைத்துவிட்டே கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, காலையிலிருந்து எங்க காலையே பாக்கறீங்க. மெட்டி கிட்டி காணாமப் போச்சுங்களா?"

"இல்லீங்கக்கா. மருந்துத் தொட்டியில கால வெச்சீங்களான்னு பாத்தேன்."

"வெச்சேனுங்க. இன்னிக்குக் காத்தாலயே ஆரோ வெச்சிருக்காங்க. ஊட்டுப் பக்கமா ஈரக் கால் போயிருந்துச்சு. தனம்மாவோன்னு நெனச்சேன்."

அவன் போய்ப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் மருந்துத் தண்ணீரின் ஈரம் வெயிலுக்குக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தடம் மட்டும் பாக்கி. குதிகால், உள்ளங்கால், விரல்கள். விரல் நுனிகளின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு போடலாம். அவன் பார்க்கப் பார்க்க அதுவும் காய்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகும் நாலாவதையும் ஐந்தாவதையும் அவன் ஏன் தேய்த்தான் என்று கேட்டால், பாதி கேட்டுவிட்டு எழுந்துபோக முடியாத கதை போல அது ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கால்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? நாலாவதில் கை வந்தது. முழங்கைக்குக் கீழே நீளம் அதிகமான கை. மெத்தென்று, எலும்பு எங்கே என்று தெரியாமல், உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு காற்றைத் தட்டிக்கொடுக்கிற கை. ஐந்தாவதில் முதுகு. சோளத் தட்டைகளுக்கு நடுவே அந்தப் பக்கம் பார்த்து நிற்கிற ஒரு பெண்ணின் முதுகு. இடுப்பை ஒரு பக்கமாக ஒசித்து, குழந்தையைச் சுமக்கிற தாய் நிற்பது மாதிரியே நின்றது. இடுப்பில் குழந்தை இல்லை. குழந்தை உட்கார வேண்டிய இடம் மட்டும் வளைந்து, காலியாக, தயாராக இருந்தது.

அன்று சாயங்காலமே அப்புசாமிக்குப் போன் போட்டான். கிழக்குக் காட்டை அவனுக்கு விற்றுவிட்டு எடப்பாடியில் விசைத்தறி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்.

"மாமா, அந்தக் கெழக்கு வரப்புல சட்டி ஒண்ணு…"

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்க. காசைக் கழுவிட்டேன்."

அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் அதை நிறுத்தச் சொன்னார்.

"எத்தனை கழுவினே?"

"அஞ்சு. ஒண்ணு பாக்கி."

"அதைத் தொடாத சாமி."

அவர் சொன்னது இவ்வளவுதான். அவருடைய பாட்டன் காலத்தில் அந்த வரப்பை ஒட்டிப் பத்துப் பதினைந்து வீடுகள் இருந்தன. ஒரு கோடையில் உச்சி நேரத்தில் அங்கே ஒரு பிள்ளை பயந்தது. பிறகு இன்னொன்று. எந்தப் பிள்ளையும் முழுசாகப் பார்க்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம். சோறு இறங்காமல், கண் மூடாமல் கிடந்த பிள்ளைகளின் தலையைச் சுற்றி ஆளுக்கொரு காசு எடுத்து, சுண்ணாம்பும் விளக்கெண்ணெய்க் கரியும் குழைத்துப் பூசி மூடிப் புதைத்தார்கள். பிள்ளைகள் எழுந்து சோறு தின்றன. எதைப் பார்த்தோம் என்று கேட்டால் ஒன்றுக்கும் தெரியவில்லை.

"அப்பொ அது போயிருச்சுங்களா?"

"பயந்தான் போச்சு. அது எங்க போவும்? துண்டு துண்டாப் பொதைச்சுட்டா ஒண்ணு சேராதுன்னு பெரியவங்க ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. நீ சேத்துக்கிட்டிருக்கே."

"திரும்பப் பக்குப் பூசிப் பொதைச்சரட்டுங்களா?"

"உள்ள இருந்ததைக் கழுவி ஊத்திட்டியே சாமி. இனி எதைப் பொதைப்பே?"

சத்தம், வாசம், கால், கை, முதுகு. பாக்கி இருப்பது முகம்தான் என்று மோகன்குமார் கணக்குப் போட்டான். முகம் இந்த ஒரு காசுக்குள் பூட்டிக் கிடக்கிறது. முகமில்லாமல் அது எங்கே வரும், யாரைப் பார்க்கும்? இதைக் கழுவாமல் இருந்தால் போதும். அந்த நினைப்பில் அவனுக்கு ஒரு வாய் மூச்சு தாராளமாக வந்தது. ஆறாவது காசைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். கழுவின ஐந்தையும் சட்டியோடு கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே புதைத்தான்.

தனப்பிரியாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பளபளன்னு ஆக்கி வெச்சதைப் பொதைச்சுட்டு, கருப்பா இருக்கறதைப் பாக்கெட்டுல வெச்சுட்டுச் சுத்தறீங்க. அதைக் குடுங்க, சபீனா போட்டு ரெண்டு தேய் தேய்ச்சுத் தாரேன்."

"வேண்டாம் பிரியா."

"காதுகுத்துக்கு என்னத்தைக் கட்டறது?"

"கந்தவேலுகிட்டப் புதுசு சொல்லிக்கலாம்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் ஒரு ஜோடிக் கொலுசு சேத்துச் சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலையா? ரெண்டு நாளாப் புள்ளையக் கீழயே உட மாட்டேங்கறீங்க."

விடவில்லைதான். ஷெட்டுக்குப் போனால் தோளில் தூக்கிக்கொண்டே போனான். தீவனம் எடை போடும்போது தராசில் அவளையும் சேர்த்து நிறுத்தினான். மதுமதிக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அவளுடைய ஈர வாய் கழுத்தில் பதிந்திருக்கும்போது மட்டும் அவனுக்குப் பயம் விட்டிருந்தது. இது கையில் இருக்கும்வரை அந்த இடுப்பு காலிதானே.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். கரண்டு போய், ஷெட்டில் காற்றாடிகள் நின்று, எரு வாசம் கெட்டியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தனப்பிரியா எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போயிருந்தாள். மதுமதி நடுவீட்டில் தூளிக்குள் தூங்கினாள். அவன் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குளியலறையில் வாளி நிரம்புகிற சத்தம். சீயக்காய் வாசம். வெளியே கோழிகளின் மழை. எல்லாம் சரியாக இருந்தது.

போன் அடித்தது. அப்புசாமி.

உள்ளே சிக்னல் கிடைக்காது. குழந்தை விழித்துக்கொள்ளுமோ என்று வாசல்படி வரைக்கும் போனான். நாலு எட்டு. தூளியின் கயிறு அங்கிருந்தே தெரிந்தது.

"நேத்தே சொல்லோணும்னு இருந்தேன் சாமி. எங்க அத்தைகிட்டக் கேட்டேன். பாத்த புள்ளைங்க ஆறு இல்லையாமா. ஏழாமா."

"காசு ஆறுதானுங்களே இருந்துச்சு."

"ஏழாவதுக்குச் சுத்தலை. சுத்தறதுக்குப் புள்ளை இருக்கோணுமில்ல."

வெயில் களத்தில் வெள்ளையாக எரிந்தது. மோகன்குமாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. காசு இருந்தது. சூடாக இருந்தது.

"அது… எதைப் பாத்துச்சாமா?"

"மொகத்தை. அது பயப்படவே இல்லையாமா. கூட வெளையாடின புள்ளைங்க சொன்னதுதான். எங்கம்மா வந்துட்டான்னு சிரிச்சுக்கிட்டே ஓடுச்சாமா. அந்தப் புள்ளையோட அம்மா அந்நேரத்துக்குக் கெணத்துல தண்ணி சேந்திக்கிட்டு இருந்திருக்கா."

அப்படியானால் பைக்குள் இருப்பது முகம் இல்லை.

முகம் எந்தக் காசிலும் இல்லை.

"சாமி, கேக்குதா?" என்றார் அப்புசாமி. அது தெளிவாகக் கேட்டது. ரொம்பத் தெளிவாக. கோழிகள் நின்றுவிட்டிருந்தன.

திரும்பினான்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. இலேசாக. உள்ளே கனம் இல்லாத ஆட்டம்.

பின்வாசலில் தனப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மதுமதி.

அப்பாடா என்று இருந்தது. உடம்பு முழுக்க வேர்வை விட்டது. பிரியாதான். அவளுடைய வலப்புருவத்துத் தழும்பு. அவளுடைய மூக்குத்தி. எதையோ கேலி பண்ணப் போகிறவள் மாதிரி உதட்டோரம் மடிகிற அதே மடிப்பு. அவனைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் போடாதீங்க என்பதுபோல ஒரு விரலை உதட்டில் வைத்தாள். விரல் உதட்டைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, நெற்றி வரைக்கும் போயிற்று.

தலை காய்ந்திருந்தது.

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு.

சீயக்காயின் மேல் மெதுவாக, இனிப்பாக, சூடாக வேறொரு வாசம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாமா," என்று குளியலறைக்குள்ளிருந்து தனப்பிரியா கூப்பிட்டாள். "புள்ள எந்திரிச்சுட்டாளா? பாத்துக்கங்க, இதா வாரேன்."

 கால் எழவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிற ஐந்து வயதுப் பிள்ளையின் கால்கள் அவை. எழுந்து ஓட அவற்றுக்குத் தெரியாது. பின்வாசலில் நிற்பதன் பாதங்களைப் பார்க்க வேண்டியதில்லை. என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆறு பிள்ளைகளில் ஐந்து பிள்ளைகளுக்குத் தெரிந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும்.

பின்வாசலில் நின்றது இடுப்பை ஒசித்துக் குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டது. நீளக் கை முதுகின் மேல் வந்து குழிந்தது.

மதுமதி கண் விழித்தாள். தூக்கம் கலையாத கண்ணால் முதலில் அப்பாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு நிமிர்ந்து, தன்னைத் தூக்கி வைத்திருக்கிற முகத்தைப் பார்த்தாள்.

"ம்மா," என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தத் தோளில் தலையைச் சாய்த்தாள்.